நெமலிக்கோனைக்கு வழி காட்ட மாமா தேவை

சித்தூர்,
பெரிய வியாழனுக்கு முந்தின ராத்திரி.

மிகவும் மரியாதைக்குரிய பென்னி மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் கேசியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே நைனா, அம்மா, அபிகாயில் அத்தை, நம் சபையார், நீங்கள் நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடி எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தையும், திருப்பதி ஆஸ்பத்திரியில் நீங்கள் எக்ஸ்ரே எடுக்கிறவர்களுடைய எலும்புகளின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். நான் மட்டும் சுகமாக இல்லை. வருகிற திங்கட்கிழமை விடியற்காலையில் சர்ச் வாசலில் என் மானம் எல்லார் முன்னாலும் போகப்போகிறது. அதைக் காப்பாற்ற ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் நீங்கள்.

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், நீங்கள் கிடார் சாத்தி வைத்திருந்த இடத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். எமர்ஜென்சி லைட்டின் மேல் பள்ளிக்கூடத் துப்பட்டாவைப் போர்த்தியிருக்கிறேன். நைனா ராத்திரியில் எழுந்து கேஸைத் திருகிப் பார்த்து, வாசல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, திரும்பவும் கேஸைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு அதில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. உங்கள் அறைக் கதவைத் திறந்து, ஃபேன் நிறுத்தியிருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த அறையில் ஃபேன் போட ஆளே கிடையாது. ஆகவே இந்தக் கடிதத்தில் எங்கேயாவது மை கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தால், அந்த இடத்தில் நைனா எழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்து எல்லாரும் கையில் ஓலையோடு வாசலில் நின்றோம். போதகர் ஐயா நைனாவைப் பார்த்து, "என்ன செயலாளரே, ஈஸ்டர் திங்களுக்கு நெமலிக்கோனை மலை மடுவுக்குப் போறதுதான நம்ம சபை வழக்கம்? இந்த வருஷமும் ஏறுறோம் இல்ல?" என்று கேட்டார். ஐயா இங்கே புதிதாக மாற்றலாகி வந்தவர். போன வருஷத்துக்குப் பிறகு நைனா காதுபட நெமலிக்கோனை என்ற பேரை யாரும் எடுப்பதில்லை என்று அவருக்குத் தெரியாது. நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேலூர் ரோட்டுல புதுசா ஒரு பார்க் வந்துருக்குது ஐயா. சிமெண்டுப் பாதை. ஊஞ்சல்கூட இருக்குது. யாரும் வழி தப்ப முடியாது" என்றார். அபிகாயில் அத்தை கையிலிருந்த ஓலையை நைனா முகத்துக்கு நேராக நீட்டி, "ஊஞ்சல் ஆடறதுக்கா கிருபா நம்ம முன்னோருங்க அந்த மடுவுல முங்கி ஞானஸ்நானம் எடுத்தாங்க?" என்றாள். சபை முழுவதும் தரையைப் பார்த்தது. அப்போது யாரோ ஒரு பெண், "பென்னி மாமா வர்றாரு ஐயா. அவரே முன்னால நின்னு கூட்டிகினு போறாராம்" என்று சொன்னாள். யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், மாமா. சொன்னது என் வாய்தான்.

அதோடு நின்றிருந்தால் கூட சமாளித்திருப்பேன். ஐயா மகிழ்ந்துபோய் உள்ளே ஓடி, அணைத்துவைத்த மைக்கை மறுபடி போட்டு, "சகோதரர் பென்னி திருப்பதியிலிருந்து வந்து நம்மை வழிநடத்துவார்" என்று அறிவித்துவிட்டார். வாசலில் நின்றவர்கள் ஓலையை ஆட்டினார்கள். ஆண்டவருக்கு அடுத்தபடியாகக் குருத்தோலை அசைத்து வரவேற்கப்பட்ட ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள்தான். அதுவும் வராமலேயே.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "நான் போன் போட்டா எடுக்கமாட்டேன்றான். எங்கிட்ட சொல்லாம ஒங்கிட்ட எப்பிடிடி சொன்னான்?" என்றாள். பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் தயாராக வந்து நின்றது. "ரூபாவோட நைனா பஸ்ஸுல பாத்தாராம்மா" என்றேன். ரூபா என் வகுப்பில் படிக்கிறவள், குடிபாலாக்காரி. அவளுடைய நைனா ஹரிபாபு சித்தூர் – திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எளைச்சிருக்கானாமா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? "கொஞ்சமா" என்றேன். அன்று சாயங்காலமே அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்துவிட்டாள். உங்களைத் தவிர இந்த வீட்டில் யாரும் அதிரசம் தின்பதில்லை. இப்போது இரண்டு டப்பா நிறைந்து மூன்றாவது டப்பாவும் மூட முடியாமல் இருக்கிறது.

மறுநாள் அபிகாயில் அத்தை குடிபாலா சபைக்குப் போன் பண்ணி அவர்களையும் கூப்பிட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை வாலிபர் சங்கத்தார் சர்ச் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அதில் நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். படம் ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. உங்களுக்குப் பின்னால் பனிமலை. அதைப் பார்த்துவிட்டு, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வரவேண்டுமா என்று ஒரு அம்மா நிஜமாகவே ஐயாவிடம் கேட்டார்களாம். நைனா அந்த ஃப்ளெக்ஸுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கிழித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். "கண்ணாடி ஒண்ணுதான் கொறச்சலு இவனுக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு மூலையில் அவிழ்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

போன வருஷம் நடந்ததை நீங்கள் இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது கடைசிப் பாதிதான். முதல் பாதியை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நைனாவுக்குப் பயந்து. நான் சொல்கிறேன். அன்று உங்களுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. முந்தின நாளே நைனாவிடம், "மழைக் காலத்துல வந்த வெள்ளத்துல ஓடைக் கல்லெல்லாம் பொரண்டு கெடக்குது மச்சான், நான் வர்ற வரைக்கும் ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நைனாவும் சரி என்றுதான் சொன்னார். ஆனால் சபையார் கூடிவிட்டார்கள், பிரியாணி அண்டா வந்துவிட்டது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு செயலாளர் எவ்வளவு நேரம்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்? "பென்னி வருஷா வருஷம் பாறை மேல சுண்ணாம்புல சிலுவை போட்டு வச்சிருக்கான் இல்ல. ஒரு சிலுவையிலேந்து அடுத்த சிலுவையப் பாத்துக்கினு போனா மடுவுல போய் நிக்கிறோம். இதுக்கு ஒரு ஆளா?" என்று முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் சிலுவை சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது சிலுவை ஓடைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அது எப்போதும் இந்தப் பக்கம்தான் இருக்கும், அதன் மேல் உட்கார்ந்துதான் நீங்கள் என் ஷூவுக்குள் போன மணலைத் தட்டிவிடுவீர்கள். "நைனா, இது எடம் மாறியிருக்குது" என்றேன். "சிலுவை பொய் சொல்லாது. நீ வாய மூடிக்கினு வா" என்றார். தண்ணீரில் இறங்கித் தாண்டினோம். மூன்றாவது சிலுவை மறுபடி இந்தப் பக்கம் இருந்தது. திரும்பத் தாண்டினோம். நாலாவது அந்தப் பக்கம். அபிகாயில் அத்தை ஒரு செருப்பைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, "கிருபா, நாம ஓடையத் தாண்டறோமா, தையல் போடறோமா?" என்று கத்தினாள். பிரியாணி அண்டாவை மூங்கில் கழியில் கட்டி, உடன்படிக்கைப் பெட்டியைச் சுமக்கிற லேவியர் மாதிரி இரண்டு பேர் பயபக்தியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் பாசியில் கால் வைக்க, பாதி பிரியாணி மீன்களுக்குப் போயிற்று. அடுத்த பாறையில் சிலுவை தலைகீழாக இருந்தது. நைனா கழுத்தைச் சாய்த்து அதை யோசனையோடு பார்த்தார். "பேதுருவ இப்பிடித்தான் தலகீழா அறைஞ்சாங்க. இதுக்கு அர்த்தம், இங்கேந்து கீழ எறங்கணும்" என்றார். இறங்கினோம். ஒரு பாறை இரண்டாகப் பிளந்து பாதிச் சிலுவையோடு கிடந்தது. நைனா அதை அம்புக்குறி என்றார். அது காட்டிய பக்கம் போனோம். பாட்டை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பயம் வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடைசிச் சிலுவை ஒரு நிலக்கடலைக் கொல்லையைத் தாண்டி, வேப்பமரத்தடியில் தரையோடு படுத்திருந்தது. அதன் மேல் ஒரு பெரிய பொங்கல் பானை. பானைக்கு அடியிலிருந்து சுண்ணாம்புக் கைகள் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. மரத்தடியில் மஞ்சளும் குங்குமமுமாகக் கங்கம்மா. சுற்றிலும் ஊரே கூடி ஜாத்திரை. வெள்ளம் அந்தப் பலகைக் கல்லைக் கொல்லையில் கொண்டுவந்து போட்டதாம். தட்டையாக இருக்கிறதே என்று ஊர்ப் பெரியவர் முனிரத்தினம் அதைப் புரட்டிக்கொண்டு வந்து பானை வைக்கப் போட்டாராம். டவுனிலிருந்து பஜனைக் கோஷ்டி வருவதாகச் சொன்னதால், ஊரார் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாங்களோ டிரம்மும் கஞ்சிராவுமாகப் பாடிக்கொண்டே போய் நின்றோம். முனிரத்தினம் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ரண்டி ரண்டி! பஜன வாள்ளு வச்சேசாரு!" என்று பஜனைக்காரர்கள் வந்துவிட்டதாகத் தெலுங்கில் ஊருக்குச் சொல்லிவிட்டு, நைனா கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சாமி, இப்பத்தான் வர்றதா? மொதல்ல மோர் குடிங்க" என்றார். நைனா, "நாங்க வேற கோஷ்டிங்க" என்றார். "எந்தக் கோஷ்டியா இருந்தா இன்னா? டிரம்மு கீது, தாளம் கீது. பாடுங்க, துன்னலாம்" என்றார் அவர்.

நைனாவுக்கு இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. சாமிக்குப் படைத்ததை நாம் சாப்பிடுவதில்லை. அதனால் தாத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, "படைச்சாச்சுங்களா, இன்னும் படைக்கலயா?" என்று கேட்டார். "நீங்க பாடினாத்தான் படைப்போம்" என்றார் தாத்தா. பாடினால் படைத்துவிடுவார்கள், படைத்தால் சாப்பிட முடியாது. பாடாவிட்டால் சாப்பாடே கிடையாது. பிள்ளைகளோ பசியில் அழுதுகொண்டிருந்தார்கள். நைனா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வேதசாஸ்திரக் கல்லூரி வாத்தியார் மாதிரி யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அபிகாயில் அத்தை அந்த ஊர்ப் பெண்களோடு பாயில் உட்கார்ந்து வேகவைத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். "கடலை நேரா மண்ணுலேந்து வந்துது. யாருக்கும் படைக்கல. வந்து ஒக்காரு கிருபா" என்றாள். முனிரத்தினம் தாத்தாவுக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர் கோபப்படவே இல்லை. தன் வீட்டில் தனியாகச் சோறு வடிக்கச் சொன்னார். மிச்சமிருந்த நம் பிரியாணியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். "பாட்டு மட்டும் ரெண்டு பாடிட்டுப் போங்க. வந்தது வந்துட்டீங்க" என்றார். பம்பைக்காரர் ஒருவர் நம் பாட்டுக்குத் தாளம் பிடித்தார். நம் பாட்டு அவ்வளவு நன்றாக இருந்து நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். பம்பைச் சத்தத்தைக் கேட்டு, கொல்லை வரப்பில் ஓடிவந்து, வேப்பமரத்தடியில் கஞ்சிராவோடு நின்ற நைனாவைப் பார்த்தீர்கள். பானைக்கு அடியிலிருந்த உங்கள் சிலுவையைப் பார்த்தீர்கள். சிரித்தீர்கள். அது கெட்ட சிரிப்பில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அதுவரைக்கும் எல்லாரும் பல்லைக் கடித்து அடக்கிவைத்திருந்தார்கள். நீங்கள் சிரித்ததும் சபை முழுவதும் சிரித்துவிட்டது. நைனா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "சிலுவையப் பாத்து நடந்தவனப் பாத்து சிரிக்கிறியா மாப்ள?" என்றார். நீங்கள், "நான் போட்டது கல்லு மேல மச்சான். கல்லு வெள்ளத்தோட போயிடுச்சு. தண்ணி சத்தத்தக் கேட்டு நடங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்?" என்றீர்கள். "அப்ப எனக்குக் காது இல்லன்ற. என் வீட்டுல இருந்துகினு..." என்றார் நைனா. "வீட்டுல இருக்கிறதுதான் தப்புன்னா போயிடறேன்" என்றீர்கள். மாமா, போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா தோசைக் கரண்டியோடு நடுவில் நின்றாள், தோசை தீய்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு ஒரு மனுஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போவாரா?

நைனா அதற்குப் பிறகு வீட்டுக்குள் சுண்ணாம்பையே விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கவில்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார். வீடு மாம்பழம் மாதிரி இருக்கிறது. வந்து பார்த்தால் சிரிப்பீர்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

இனி நான் பயந்து செய்த காரியத்தைச் சொல்கிறேன். நீங்கள் வராவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தால் ராத்திரியில் தூக்கம் வரவில்லை. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று ரூபாவைக் கேட்டேன். "காச்சலுன்னா ஊரே வந்து ஜெபம் பண்ணுவீங்களே, இன்னும் மோசம். நீயே வழி கண்டுபுடிச்சு வச்சிக்கோ. மாமன் வரலன்னா, மாமன் எனக்கு வழி சொல்லி அனுப்பினாருன்னு முன்னால நடந்து போ" என்றாள். இப்போது வெயிலுக்காக ஒண்டிபூட்டப் பள்ளி, மத்தியானத்தோடு விட்டுவிடுகிறார்கள். இன்று மத்தியானம் நானும் அவளும் யாரிடமும் சொல்லாமல் நெமலிக்கோனைக்குப் போனோம்.

மாமா, நீங்கள் அந்த இடத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அழுவீர்கள். ஆனால் பார்க்கவும் வேண்டும். போன மழைக் காலத்தில் இன்னொரு வெள்ளம் வந்து, நாம் ஏறுகிற பாதையில் பாதி கரையோடு சரிந்து ஓடைக்குள் போய்விட்டது. மிச்சப் பாதையில் சிவப்பு மண் குவிந்து, அதன் மேல் புல் முளைத்துவிட்டது. மருத மரங்களில் என் தலைக்கு மேலே, உங்கள் தலைக்கும் மேலே, காய்ந்த நாணலும் பழைய சேலைத் துணியும் பிளாஸ்டிக் பையும் மாட்டிக்கொண்டு தொங்குகின்றன. வெள்ளம் அவ்வளவு உயரத்தில் போயிருக்கிறது. நீங்கள் என்னைத் தூக்கிக் கடத்திவிடுகிற வழுக்குப்பாறையைக் காணவில்லை. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய பாறை மணலில் புதைந்து, முதுகு மட்டும் எருமை மாதிரி தெரிகிறது. அந்த முதுகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சூடாக இருந்தது. நீங்கள் எலுமிச்சம்பழச் சோற்றில் கடலையை மட்டும் பொறுக்கி என் இலையில் போடுவது ஞாபகம் வந்தது. ரூபா, "ஏமே, பாறை மேல ஒக்காந்துகினு எதுக்கு அழுவுற, சூடு தாங்கலன்னா எழுந்திரு" என்றாள். நானும் சூடு என்றே சொல்லிவிட்டேன்.

சிலுவைகளைப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். தண்ணீர்ச் சத்தம் இடது காதில் கேட்டால் ஏறுகிறோம், வலது காதில் கேட்டால் இறங்குகிறோம் என்று சொல்வீர்களே. மருத மரத்தடி வரைக்கும் இடது காதில் நன்றாகக் கேட்டது. அதற்கு மேலே போனால் வெள்ளம் ஓடையை இரண்டாக அறுத்துவிட்டிருக்கிறது. பழைய ஓடை ஒரு பக்கம், புது ஓடை ஒரு பக்கம், நடுவில் நான். இரண்டு காதிலும் கேட்டது. இரண்டு காதிலும் கேட்டால் என்ன அர்த்தம் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. மடு மேலே எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அது விழுகிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ குளிக்கிற மாதிரி, தூரத்தில் கேட்டது. இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்று ஒரு கல்லில் கால் வைத்தேன். கல் என்னோடு சேர்ந்து நகர்ந்தது. முட்டி வரை ஓடைக்குள் போய்விட்டேன். ரூபா என் ஜடையைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தாள். "ஒங்க மாமன் வந்தா முதல்ல ஒன்ன எக்ஸ்ரே எடுக்கச் சொல்றேன், மூளை கீதான்னு பாக்கட்டும்" என்று திட்டினாள். ஒரு பள்ளிக்கூட ஷூ போய்விட்டது. நம் குடும்பத்திலிருந்து அந்த ஓடைக்குப் போன இரண்டாவது காலணி அது.

திரும்பி வரும்போது ரூபாவைப் பிடித்து ஒன்றைக் கேட்டேன். அவள் ஒரு மாதத்துக்கு முன்னால் சொன்ன விஷயம். இன்னொரு முறை சொல் என்றேன். அதை உங்களிடம் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. (நைனா எழுந்திருக்கிறார். லைட்டை அணைக்கிறேன்.)

(கேஸ், தாழ்ப்பாள், கேஸ், ஃபேன். படுத்துவிட்டார்.)

சொல்லிவிடுகிறேன். ஹரிபாபு அங்கிள் வீட்டில் சொன்னாராம்: "அந்த எக்ஸ்ரேக்காரரு சில ஞாயித்துக்கெழமையில திருப்பதியிலே என் பஸ்ஸுல ஏறுறாரு. சித்தூருக்குன்னு டிக்கெட் கேக்க வாயத் தொறக்கிறாரு. அப்புறம் புத்தலப்பட்டுக்கு ஒண்ணுன்றாரு. எறங்கி டீ குடிச்சிகினு நிக்கிறாரு. நான் சித்தூர் போயி திரும்பி வர்றச்ச அதே எடத்துல நிக்கிறாரு. ஏறி திருப்பதிக்கே போறாரு." மாமா, புத்தலப்பட்டில் நமக்கு யாரும் இல்லை. அங்கே டீ அவ்வளவு நன்றாக இருக்குமா? அங்கிருந்து நம் வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தானே. இதை வைத்துக்கொண்டுதான் குருத்தோலை ஞாயிறு அன்று என் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. பாதி வழி வருகிறவர் மீதி வழியும் வருவார் என்று அது நினைத்துவிட்டது.

ஆகையால் திங்கட்கிழமைக்கு எப்படியாவது வந்துவிடுங்கள். நீங்கள் வராவிட்டால், ஐயா மைக்கில் சொன்னது பொய்யாகிவிடும். இரண்டு சபையார் பிரியாணியோடு நிற்பார்கள். பனிமலைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு நீங்கள் ஃப்ளெக்ஸில் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். அம்மா என்னைப் பார்ப்பாள். அடி விழுந்தால் தாங்கிக்கொள்வேன். அம்மா என்னைப் பார்க்கிறதைத்தான் தாங்கமாட்டேன். அதிரச டப்பாக்களை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறதையும் தாங்கமாட்டேன். வழி கெட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் முன்னால் நடந்தால் நாங்கள் எங்கே போய்ச் சேர்ந்தாலும் அதுதான் நெமலிக்கோனை. நைனா ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். அதாவது, நான் உங்கள் பின்னால் நின்றுகொள்கிறேன்.

நைனாவின் கோபம் முன்பு மாதிரி இல்லை. அம்மாவின் அன்பு, அவளுக்குத் தெரியாமல் இதோடு வருகிறது. அபிகாயில் அத்தை உங்களுக்குப் பெண் பார்த்திருக்கிறாள், அதைச் சொன்னால் வரமாட்டீர்கள் என்பதால் சொல்லவில்லை. கறிவேப்பிலை என் தோள் வரை வளர்ந்துவிட்டது. உங்கள் போக்கையும் வரத்தையும், முக்கியமாக வரத்தை, ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

திங்கட்கிழமையை நினைத்து நடுங்கும்,
கேசியா

பின்குறிப்பு: வியாழன் காலை. மாமா, மேலே எழுதியதையெல்லாம் நீங்கள் படிக்கவே வேண்டாம். விடிகிற நேரத்தில், கோடையில் வருமே அந்த மாங்காய் மழை பிடித்து ஊற்றிவிட்டது. மலையிலும் நல்ல மழை, நெமலிக்கோனையில் மறுபடி வெள்ளம். கீழே இருந்த பாதையும் போய்விட்டது, யாரும் ஏறக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். ஐயா நைனாவுக்குப் போன் பண்ணி, நடை கிடையாது, திங்கட்கிழமை சர்ச் வளாகத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார். வழி காட்ட ஆளே தேவையில்லை. என் பொய்யை இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. என் உயிர் திரும்பி வந்தது. இந்தக் கடிதத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நைனா வாசற்படியில் காபி டம்ளரோடு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா கேசியா, நடை இல்லன்னு ஒங்க மாமனுக்கு யார் சொல்றது?" என்று கேட்டார். "ரூபாவோட நைனாகிட்ட சொல்லி அனுப்பிடறேன் நைனா" என்றேன். காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை மழைத் தண்ணீரில் கழுவினார். "சொல்ல வேணாம்" என்றார். "சொன்னா வரமாட்டான். வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

உள்ளே போனவர் திரும்பி வந்து, "அந்த ஹரிபாபு எனக்கும்தான் சொன்னான். புத்தலப்பட்டு வரைக்கும்தான் அவனுக்கு டிக்கெட் கேக்க வருதாம். ஈஸ்டர் அன்னைக்கு ஆராதன முடிஞ்சதும் நான் ஸ்கூட்டர எடுத்துக்கினு போயி அங்க நிக்கிறேன்" என்றார். அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அதனால் கிழிக்கவில்லை. ஹரிபாபு அங்கிளிடமே கொடுத்தனுப்புகிறேன். நடை இல்லை மாமா. பாதையும் இல்லை. காப்பாற்றுவதற்கு என் மானமும் இல்லை, அது பத்திரமாக இருக்கிறது. நீங்கள் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. வாங்க. சித்தூருக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தால் வழக்கம் போல புத்தலப்பட்டுக்கே டிக்கெட் எடுங்கள். டீக்கடையில் நைனா வேறு ஏதோ வேலையாக வந்த மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்களும் டீ குடிக்க வந்த மாதிரி நில்லுங்கள். ஸ்கூட்டரில் ஏறும்போது எதுவும் பேச வேண்டாம்.